ஒடுங்காத பம்பர்

ஜெயராமன் சாருடைய வெள்ளைக் காரின் முன்பக்க பம்பரை உடைத்தவன் நான்தான். இதை வாயால் மூன்று முறை சொன்னேன், எழுத்தால் இரண்டு முறை சொன்னேன், கடைசியில் பொருளோடு போய் ஒரு முறை சொன்னேன். நம்புவதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. பிடித்துக்கொள்ளுங்கள் என்று தானாக வந்து நிற்கிறவனை நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, நல்ல மனுஷன் என்று தோளில் தட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

என் பெயர் சிவப்பிரகாசம். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் டெக்னீஷியன். பெர்மனென்ட். இந்தக் கடைசிச் சொல்லைக் கொஞ்சம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விவகாரத்தில் பம்பரை விட அதற்குத்தான் வேலை அதிகம்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் வட்டத்துக்காரர்கள் நாங்களாகவே சந்தா போட்டு ஒரு மனமகிழ் மன்றம் நடத்துகிறோம். இரண்டு கேரம் போர்டு, ஒரு டேபிள் டென்னிஸ் மேஜை, வாரப் பத்திரிகைகள், வாசலில் கார் நிறுத்த இடம். ஆனால் உறுப்பினர்கள் எல்லாரும் சுரங்கத்திலோ அனல்மின் நிலையத்திலோ ஆயுளைக் கழித்தவர்கள். அங்கே உயிர் காக்கும் விதிகளை அவர்களால் அங்கேயே விட்டுவிட்டு வர முடிவதில்லை. கேரம் ஆடுவதற்கு முன் எழுந்து நின்று பாதுகாப்பு உறுதிமொழி எடுக்க வேண்டும். டியூப் லைட் மாற்ற மூன்று பேர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். ஆறு மாதமாக டேபிள் டென்னிஸ் அறை இருட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல் யாரும் ஸ்டூலில் ஏறவில்லை என்பதில் மன்றத்துக்குப் பெருமை.

வாசலில் ஒரு பலகை உண்டு. 'விபத்தில்லா நாட்கள்' என்று எழுதி, பக்கத்தில் எண். நான் பம்பரை உடைத்த வியாழக்கிழமை அது 1,987. போன வருஷம் மின்விசிறி கழன்று கேரம் போர்டின் மேல் விழுந்ததே என்று கேட்கக் கூடாது. அது 'பொருள் இடமாற்றம்' என்று பதிவாகியிருக்கிறது. குளியலறையில் வழுக்கி ஒருவர் மணிக்கட்டை முறித்துக்கொண்டது என்னவோ உண்மைதான். ஆனால் வலியோடு வலியாக அவரை வெளியேறும் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வைத்துவிட்டதால், சட்டப்படி அவர் வீட்டுக்குப் போகும் வழியில்தான் விழுந்தார். இன்னும் பதின்மூன்று நாள் ஓட்டிவிட்டால் இரண்டாயிரம். மன்றங்களின் சம்மேளனம் கேடயம் கொடுக்க வருகிறது. ஏற்பாடு எல்லாம் பாதுகாப்புக் குழுத் தலைவர் ஜெயராமன் சார்.

அன்று பாதுகாப்பு வாசகப் போட்டிக்குப் பரிசளிப்பு. 'கவனம் இருந்தால் காயம் இல்லை' என்று எழுதியதற்கு எனக்கு ஆறுதல் பரிசு. மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். காரில் ஏறி அதைப் பக்கத்து சீட்டில் வைத்து, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தேன். முறுக்கைக் கடித்த மாதிரி ஒரு சத்தம்.

இறங்கிப் பார்த்தேன். ஜெயராமன் சார் காரின் முன் பம்பரில், பனி விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கட்டைவிரலால் அழுத்தினால் வாயைத் திறந்தது, விட்டால் மூடிக்கொண்டது. மற்றபடி ஒடுக்கம் எதுவும் இல்லை. உள்ளே ஒலிபெருக்கியில் ஜெயராமன் சார் நன்றியுரை சொல்லிக்கொண்டிருந்தார். சுற்றிலும் யாரும் இல்லை. காம்பவுண்ட் சுவர் ஓரமாக ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி செங்கமலம் குனிந்து சருகு பெருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பச்சைத் தள்ளுவண்டி.

உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இருபதடி தூரம். போனால் பரிசைத் திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்று தோன்றியது. ஒரு டிபன் பாக்ஸுக்காக, ஐம்பத்திரண்டு வயதில், வண்டியில் ஏறி வீட்டுக்கு ஓடி வந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

சாப்பிடும்போது மனைவி விஜயலட்சுமியிடம் சொன்னேன். "ஏங்க, வாய் இல்லயா உங்களுக்கு? நாளைக்கு மொத வேலையா போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க," என்றாள். அவ்வளவு எளிதாகத்தான் எனக்கும் தோன்றியது.

மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட். முடித்துக்கொண்டு மன்றத்துக்குப் போக மாலை நான்கு ஆகிவிட்டது. அதற்குள் விசாரணை முடிந்து குற்றவாளியும் கிடைத்துவிட்டிருந்தார்.

குழு அறையில் வெள்ளைப் பலகையில் 'ஏன்-ஏன் ஆய்வு' எழுதப்பட்டிருந்தது. எந்த விபத்துக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் மூலகாரணம் தெரிந்துவிடும் என்பது முறை. பம்பரில் ஏன் விரிசல் விட்டது? இரும்புக் கைப்பிடி பட்டதால். கைப்பிடி ஏன் பட்டது? தள்ளுவண்டிக்குக் கைப்பிடி இருப்பதால். தள்ளுவண்டி ஏன் வந்தது? சருகு இருந்ததால். சருகு ஏன் இருந்தது? பெருக்கி முடிக்காததால். ஏன் முடிக்கவில்லை? பெருக்கிக்கொண்டிருந்ததால். கீழே இரண்டு கோடு போட்டு, 'மூலகாரணம்: செங்கமலம்.'

குறிப்பெழுதும் இளவேனில், புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர் பெண், அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சார், அது கார் இடிச்சது," என்றேன்.

ஜெயராமன் சார் சிரித்தார். "சிவப்பிரகாசம், முப்பத்தஞ்சு வருஷமா இரும்போட பழகினவன் நான். டம்பர்ல அடிபட்டா ஒடுங்கும், ட்ரம்ல அடிபட்டா ஒடுங்கும், மோதிச்சுன்னா ஒடுங்கணும். எங்க ஒடுங்கியிருக்கு? காட்டுங்க பார்ப்போம். ஒடுக்கம் இல்லாம விரிசல் மட்டும் இருந்தா அது குத்து. குத்துன்னா கைப்பிடி."

"அது பிளாஸ்டிக் சார்."

"பிளாஸ்டிக்கா இருந்தா என்ன, விஞ்ஞானம் ஒண்ணுதானே?"

"சார், நான்தான் இடிச்சேன். என் நீலக் கார். நேத்து சாயங்காலம். நீங்க நன்றியுரை சொல்லிட்டிருந்தீங்க."

இளவேனில் பேனாவை நிறுத்தினாள். ஜெயராமன் சார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். ஏழைப் பொம்பளைக்காக நீங்க பழிய ஏத்துக்க வர்றீங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. நீங்க மெம்பர். பெர்மனென்ட். மெம்பர் இடிச்சா அது விபத்து. போர்டு ஜீரோவுக்குப் போகும். ஒப்பந்தத் தொழிலாளி இடிச்சா அது வெளிக்காரணி. நம்ம கணக்குல வராது. இடி மின்னல் மாதிரி. பதினாலாம் விதி, 'பி' பிரிவு. இப்ப யாரு இடிச்சிருந்தா நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க."

"நல்லது கெட்டது இல்ல சார். நடந்தது..."

"நடந்தது ரிப்போர்ட்ல இருக்கு."

செங்கமலத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஜெயராமன் சாரின் முகம் கனிந்தது. "வேலைய விட்டு எடுப்போமா? நாம என்ன மனுஷங்க இல்லையா? மறுபயிற்சிக்கு அனுப்பியிருக்கோம்."

"பயிற்சி எங்க சார்?"

"பயிற்சி குடுக்க இன்னும் ஆள் போடலை. அதுவரைக்கும் வர வேண்டாம்னு சொல்லியிருக்கோம்."

"வராத நாளுக்குச் சம்பளம்?"

"வராதவங்களுக்கு எந்த ஊர்ல சம்பளம் குடுக்குறாங்க?" என்றார், நான் உலகம் தெரியாதவன் என்பது போல.

எழுத்து மூலமாகக் கொடுங்கள், பரிசீலிக்கிறோம் என்று ஒரு படிவம் தந்தார்கள். நான்கு பக்கம். உண்மையை எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. அதில் ஒரு கேள்வி, சம்பவத்தின்போது பாதுகாப்புக் காலணி அணிந்திருந்தீர்களா என்று. செருப்புதான் போட்டிருந்தேன், 'இல்லை' என்று எழுதியிருந்தேன். பக்கத்தில் சிவப்பு மையில் குறிப்பு: 'வாகனம் நிறுத்துமிடத்தில் பாதுகாப்புக் காலணி கட்டாயம். காலணி அணியாதவர் அப்பகுதியில் அனுமதிக்கப்படுவதில்லை. ஆகவே சம்பவம் நடந்தபோது தாங்கள் அங்கே இல்லை.'

காலணி பற்றி விளக்கம் எழுதி இரண்டாவது மனு கொடுத்தேன். அப்படியானால் விசாரணையை மீண்டும் திறக்க வேண்டும் என்று சொல்லிப் பெற்றுக்கொண்டார்கள். உண்மை ஜெயிக்கப்போகிறது என்று நினைத்து அன்று நன்றாகத் தூங்கினேன்.

அந்த வாரம் என் காரின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லிக் குள்ளஞ்சாவடி ரோட்டில் நைனா முகமது பாய் பட்டறைக்குப் போனேன். சுவரோரம் ஒரு வெள்ளை பம்பர் சாய்த்து வைத்திருந்தது. பார்த்ததும் தெரிந்தது. ஜெயராமன் சாருடையதுதான்.

"இதை ஒட்டிக் குடுத்துருக்கலாம் சார்," என்றார் பாய். "சூடு பண்ணி உருக்கி, உள்பக்கம் கம்பித் தையல் போட்டு, மேல பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா கண்டே பிடிக்க முடியாது. சொன்னேன். அவரு ஏதோ விழா இருக்கு, புதுசுதான் வேணும்னு மாத்திக்கினு போயிட்டாரு."

"பாய், இது எதுல இடிச்சதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அவர் பம்பரைத் திருப்பிப் போட்டார். "இது தகரம் இல்லீங்க. அடி வாங்கும், வாங்கிட்டுத் தன்னால பழையபடி வந்துடும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. உள்ள பாருங்க, ரெண்டு கிளிப்பு போச்சு, ப்ராக்கெட்டு விட்டுடுச்சு. கைவண்டி முட்டுனா இதெல்லாம் போவுமா? இங்க பாருங்க, நீல பெயிண்ட்டு ஈஷிக்கினு இருக்கு. ஏதோ நீலக் கார் பின்னால வந்து குத்தியிருக்கு." சொல்லிவிட்டு என் காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த துணியால் பம்பரைத் துடைக்கத் தொடங்கினார்.

"துடைக்காதீங்க பாய்! இதை ஜெயராமன் சார்ட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனே. அவரும் குனிஞ்சு நல்லா பாத்தாரு. தெரியும் பாய், நீங்க வேலையப் பாருங்கன்னாரு."

அங்கேயே என் காரின் பின் பம்பரைக் கழற்றச் சொன்னேன். அதன் மூலையில் வெள்ளைப் பெயிண்ட் இருந்தது. இரண்டு பம்பரையும் ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு நேராக மன்றத்துக்குப் போனேன். இரண்டையும் இரண்டு தோளில் சுமந்து குழு அறைக்குள் நுழைந்தபோது நான் எதிர்பார்த்தது வேறு.

"ஹெல்மெட்! ஹெல்மெட்!" என்று கத்தினார்கள். ஐந்தடிக்கு மேல் நீளமுள்ள பொருளைக் கூரைக்கு அடியில் தூக்கி வந்தது அத்துமீறலாம். எல்லாரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். கயிறு கட்டி என்னைச் சுற்றி எல்லை போட்டார்கள். எல்லைக்கு நடுவில் நின்றபடி நான் நீலத்தையும் வெள்ளையையும் காட்டிப் பேசினேன். கிளிப்பைக் காட்டினேன். ப்ராக்கெட்டைக் காட்டினேன். தள்ளுவண்டி பச்சை நிறம் என்பதையும் சொன்னேன்.

"வண்டி பச்சைன்றது ஒரு முக்கியமான பாயிண்ட்," என்றார் ஜெயராமன் சார். "குறிச்சுக்கோம்மா." இளவேனில் குறித்துக்கொண்டாள். எழுதும்போது அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

மறுநாள் போனேன். தள்ளுவண்டி நீலமாக இருந்தது. பக்கத்தில் 'ஈரப் பெயிண்ட், எச்சரிக்கை' என்று முறைப்படி பலகை வைத்து, நான்கு புறமும் நாடா கட்டியிருந்தார்கள். பாதுகாப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒன்பது நாள் ஓடிவிட்டது. செங்கமலத்தை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். வளையமாதேவிப் பக்கம் தகரக் கூரை போட்ட வீடு. போகும் வழியில் அரை டஜன் ஆப்பிள் வாங்கினேன், ஏதோ நோயாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரி. அவர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும்.

"வாங்க சார், வூட்டுக்குள்ள வாங்க," என்றார். நான் வாசலிலேயே நின்று, பம்பரை இடித்தது நான்தான் என்று மறுபடி ஒரு முறை சொன்னேன்.

"தெரியும் சார். பாத்துகினுதான் இருந்தேன். நீங்க எறங்குனீங்க, அமுக்கிப் பாத்தீங்க, சுத்தும் முத்தும் பாத்தீங்க, போயிட்டீங்க."

"அப்ப ஏம்மா நீங்க சொல்லல?" என்றேன்.

"நீங்க பெர்மனென்ட்டு. நான் சொன்னா எடுபடுமா? ஜெயராமன் சாரையே பொய் சொல்றாருன்னு சொன்னன்னு அதுக்கு வேற ஒரு மெமோ குடுப்பாங்க." ஈரப் புடவையை உதறிக் கொடியில் போட்டார். "அது கெடக்கட்டும். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். நீங்க எழுதி எழுதிக் குடுத்துகினே இருக்கீங்களாமே?"

"ஆமாம்மா. விடமாட்டேன். உங்களுக்கு நியாயம் கிடைக்கிற வரைக்கும்..."

"அய்யோ, வுட்ருங்க சார்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "மொத நாளே ஒரு பேப்பர்ல கையெழுத்து கேட்டாங்க. நான்தான் முட்டிட்டேன்னு. போட்டுட்டேன். ரெண்டே நாள்ல சேத்துக்கறேன்னு சொன்னாங்க. அப்புறம் போனா, சிவப்பிரகாசம் சார் லெட்டர் குடுத்திருக்காரு, விசாரணை முடியலன்றாங்க. மறுபடி போனா, பம்பரத் தூக்கியாந்துட்டாரு, மறுபடி தொறந்துட்டோம்ன்றாங்க. நீங்க நிறுத்துனாதான் சார் எனக்கு டூட்டி."

"செய்யாத தப்புக்கு நீங்க ஏம்மா..."

"செஞ்சதுக்கு யாரு சார் என்னக் கேட்டாங்க? எட்டு வருஷமா பெருக்கறேன். அந்த எடத்துல ஒரு நாளு கூட எம்பேர எழுதல. இப்பதான் பேப்பர்ல முழுப் பேரும் போட்டிருக்காங்க." அவர் சிரித்தார். கோபத்தில் சிரிப்பதாகவும் தெரியவில்லை. "நிலம் மைன்ஸுக்குப் போனப்புறம் இந்த டூட்டிதான் சார். நீங்க வாய மூடிக்கினா போதும்."

என் மனசாட்சிக்காக நான் எழுதிய ஒவ்வொரு மனுவும் அந்த அம்மாளுடைய அடுப்பில் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. இடித்துவிட்டு ஓடியது ஒரு குற்றம் என்றால், பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒன்பது நாள் அலைந்தது அதைவிடப் பெரிய குற்றமாகிவிட்டது. ஆப்பிள் பையை வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

மனுவை வாபஸ் வாங்க ஒரே ஒரு பக்கப் படிவம். 'மேற்படி சம்பவம் என் கற்பனை' என்று முன்பே அச்சிட்டிருந்தார்கள். கையெழுத்து மட்டும் போட்டேன். இரண்டு நிமிஷத்தில் ஏற்கப்பட்டது. ஜெயராமன் சார் டீ வரவழைத்தார்.

இரண்டாயிரமாவது நாள் விழாவுக்கு மன்றம் நிரம்பி வழிந்தது. கேடயம் ஒரு குழந்தை உயரம் இருந்தது. "சக தொழிலாளிக்காகத் தன் மேல் பழியைப் போட்டுக்கொள்ளத் துணிந்த கருணை உள்ளம்" என்று சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். விஜயலட்சுமி இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து செங்கமலத்தை மேடைக்கு அழைத்தார்கள். புது மஞ்சள் ஹெல்மெட், பிரதிபலிக்கும் பட்டை போட்ட ஜாக்கெட், கழுத்தில் விசில். இளவேனில் ஒலிபெருக்கியில் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னார். "என் கவனக்குறைவால்... மன்றத்துக்கு ஏற்பட்ட... மன உளைச்சலுக்கு... வருந்துகிறேன்." 'மன உளைச்சல்' என்ற இடத்தில் இளவேனில் தடுமாறி மறுபடி ஆரம்பித்தாள். செங்கமலத்தின் குரல் தெளிவாக இருந்தது. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் மறுபடி யாராவது எதையாவது திறந்துவிடுவார்களோ என்ற பயத்தில் மற்றவர்களை விடச் சத்தமாகவே தட்டினேன்.

ஜெயராமன் சார் ஏற்புரை சொன்னார். "ஒரு சம்பவத்துலேருந்து கத்துக்கலேன்னா நாம இன்ஜினியர்களே இல்ல. இந்தச் சம்பவத்துலேருந்து நாம கத்துக்கிட்டது என்ன? பம்பர் பலவீனமானது. எங்க குழு பதினோரு தடவ கூடிப் பேசித் தீர்வு கண்டுபிடிச்சிருக்கு. இன்னையிலேருந்து மெம்பர்ங்க கார் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம், பின்னால நிக்கிற காருக்கும் அதுக்கும் நடுவுல ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தர் நின்னு விசில் குடுப்பாங்க. பம்பரால விலக முடியாது, ஆளுன்னா விலகிக்குவாங்க. ஒருவேளை விலகலேன்னாலும் போர்டுக்கு எந்தப் பாதிப்பும் இல்ல. விதி நமக்குச் சாதகமா இருக்கு."

சம்மேளனத்திலிருந்து வந்தவர் இதை மற்ற மன்றங்களும் பின்பற்ற வேண்டும் என்று எழுந்து நின்று பாராட்டினார்.

விழா முடிந்து எல்லாரும் கார்களை எடுத்தார்கள். நான் வேண்டுமென்றே பின்தங்கினேன். ஒவ்வொரு காராக வெளியேற, ஒவ்வொன்றுக்கும் பின்னால் செங்கமலம் போய் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் என்று விஜயலட்சுமியைக் கூட்டிக்கொண்டு கேட் வரை போனேன். செங்கமலம் ஓடி வந்தார்.

"சார், காரு?"

"இருக்கட்டும்மா. காலையில எடுத்துக்கறேன்."

"அய்யோ சார், ரிவர்ஸ் எடுக்கற கடைசிக் காரு உங்களுதுதான், அது போனாதான் என்ன வுடுவாங்க. ஏழு மணி பஸ்ஸு போயிடும். எடுத்துகினு போயிடுங்க சார்."

திரும்பி வந்து ஏறினேன். விஜயலட்சுமி பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள். நேர் பின்னால் ஜெயராமன் சாரின் வெள்ளைக் கார், புது பம்பரோடு நின்றது. அதற்கும் என் காருக்கும் இருந்த நான்கடி இடைவெளியில் செங்கமலம் போய் நின்றார். கண்ணாடியில் பார்த்தேன். ஹெல்மெட் பெரிய அளவு. கண் வரை இறங்கியிருந்தது. ரிவர்ஸ் கியர் போட்டேன். கிளட்ச் தவறி வண்டி ஒரு குலுக்கு குலுக்கி அணைந்தது.

மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மறுபடி அணைந்தது.

அவர் ஒரு கையால் ஹெல்மெட்டை மேலே தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் வா வா என்று காட்டினார். "பயப்படாம வாங்க சார். நான்தான் நிக்கறனே. இன்னும் எடம் கெடக்குது, வாங்க."

கிளட்சை மெதுவாக விட்டேன்.